கிலியனா, சிலியனா: ஓர் ஐரிஷ் பெயரை ஏன் அப்படி உச்சரிக்கிறார்கள்?

2024 மார்ச் 10 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில் ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதை வாங்கியவரின் பெயர் தமிழ் இணையத்தில் குறைந்தது இரண்டு விதமாக வந்தது. சிலர் சிலியன் மர்ஃபி என்றார்கள், சிலர் கிலியன் மர்ஃபி என்றார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் சி, ஐ, எல், எல், ஐ, ஏ, என் என்ற எழுத்துகளால் ஆனது. ‘சினிமா’, ‘சிட்டி’, ‘சிவில்’ எல்லாம் அதே முதல் இரண்டு எழுத்துகளில்தானே தொடங்குகின்றன? அப்படிப் பார்த்தால் சிலியன் என்று படித்தவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சரியான உச்சரிப்பு கிலியன்.

இதை அந்த நடிகரின் தனி விருப்பம் என்றோ, ஆங்கில எழுத்துக்கூட்டலின் இன்னொரு கோணல் என்றோ பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. அந்தப் பெயர் ஆங்கிலப் பெயரே கிடையாது. ஐரிஷ் மொழியின் விதிப்படி பார்த்தால் அதை வேறு எப்படியும் படிக்க வழியில்லை.

முதலில் பெயர்

கிலியன் என்பது அயர்லாந்தின் பழைய ஆண் பெயர்களில் ஒன்று. இடைக்காலத்தில் இந்தப் பெயரில் பல துறவிகள் இருந்திருக்கிறார்கள். பொருளுக்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஒன்று, ‘சண்டை’ என்று பொருள்படும் பழைய ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது என்பது. மற்றொன்று, ‘கில்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது. கில் என்றால் தேவாலயம், அல்லது துறவியின் சிற்றறை. முதல் விளக்கத்தின்படி பையன் சண்டைக்காரன், இரண்டாவதன்படி சாமியார். எது சரி என்று அறிஞர்கள் முடிவுக்கு வரவில்லை. பெற்றோர்கள் தேவாலயத்தையே விரும்புவார்கள் என்பதால் பெயர்ப் புத்தகங்களில் அதுதான் முந்திக்கொள்கிறது.

அயர்லாந்து வரைபடத்தைப் பார்த்தால் இந்தக் கில் எங்கும் இருக்கும். கில்டேர் என்பது ஐரிஷில் ‘கில் தாரா’, அதாவது கருவாலி மரத்துத் தேவாலயம். கில்கென்னி என்பது புனித கெனிஸின் தேவாலயம். ஐரிஷில் எழுதும்போது இவை எல்லாமே சி எழுத்தில் தொடங்கும். ஆங்கில ஆவணங்களில் எழுதியவர்கள் சி என்று போட்டால் தங்கள் ஆட்கள் ‘சில்’ என்று படித்துவிடுவார்களே என்று கே போட்டார்கள். ஊர்ப்பெயர்களுக்குக் கே வந்துவிட்டது. ஆள் பெயர் பழைய சி-யோடு நின்றுவிட்டது. நம் குழப்பத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஒரே சொல், இரண்டு ஒலி

இந்தக் ‘கில்’ ஐரிஷுக்கு லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் அது ‘கெல்லா’, சிற்றறை. அதே லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘செல்’ ஆனது. துறவியின் அறை, சிறை அறை, உயிரணு, கடைசியில் நம் கையில் இருக்கும் செல்போன் எல்லாம் அந்தச் செல்தான். கில்கென்னியின் கில்லும் செல்போனின் செல்லும் உடன்பிறப்புகள். ஒன்று ‘க்’ ஒலியைக் காப்பாற்றிக்கொண்டது, மற்றொன்று தொலைத்துவிட்டது. எப்படி என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. பழைய லத்தீனில் சி எழுத்துக்கு ஒரே ஒலிதான்: ‘க்’. பின்னால் எந்த உயிர் வந்தாலும் மாறாது. சிசரோ என்று நாம் படிக்கும் பேச்சாளரை அவர் காலத்தில் ‘கிகெரோ’ என்றுதான் அழைத்திருப்பார்கள். சீசரை ‘கைசர்’ என்றார்கள். ஜெர்மானியர்கள் அந்தப் பெயரைச் சீக்கிரமே கடன் வாங்கியதால் அவர்களுடைய பேரரசருக்குக் ‘கைசர்’ என்ற பட்டம் அப்படியே நிலைத்தது.

2. ரோமப் பேரரசு தளர்ந்த நூற்றாண்டுகளில் மக்கள் பேசிய லத்தீனில் ஒரு மாற்றம் நடந்தது. இ, எ போன்ற ஒலிகளுக்கு முன்னால் வந்த ‘க்’ மெல்ல நழுவியது. இத்தாலியில் அது ‘ச்’ ஆனது (நாம் ‘பச்சை’ என்பதில் சொல்லும் ச்). பிரான்சில் ‘த்ஸ்’ ஆகி, பிறகு ‘ஸ்’ ஆனது. எழுத்தை யாரும் மாற்றவில்லை.

3. 5ஆம் நூற்றாண்டில் கிறித்தவத்தோடு லத்தீன் எழுத்து அயர்லாந்துக்குள் போனது. அங்கே சி எழுத்தைக் ‘க்’ ஒலிக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த வழக்கத்தை மாற்றவே இல்லை. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான், அவற்றில் கே கிடையாது. சி ஒன்றே அந்த வேலையைச் செய்யும்போது இன்னொரு எழுத்து எதற்கு?

4. இங்கிலாந்தும் முதலில் கே இல்லாமல்தான் பெரும்பாலும் காலம் தள்ளியது. அரசன் என்பதற்கான ‘கிங்’ என்ற சொல்லின் பழைய வடிவத்தைச் சி போட்டே எழுதினார்கள். 1066இல் நார்மானியர்கள் வந்து, பிரெஞ்சு எழுத்தர்களின் பழக்கம் பரவியது. அவர்களுக்கு இ, எ-க்கு முன்னால் சி என்றால் ஸகர வகை ஒலி. அதனால் ‘க்’ ஒலி வேண்டிய இடங்களில் கே வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு ஆங்கிலத்தில் ‘கிங்’, ‘கிச்சன்’, ‘கீன்’ எல்லாம் கே-யில் தொடங்குவதன் காரணம் இதுதான்.

ஆக, கிலியனைச் சிலியன் என்று படிப்பவர் அறியாமலேயே ஒரு பிரெஞ்சு விதியை ஐரிஷ் பெயர்மேல் ஏற்றுகிறார். ஐரிஷும் அதன் உறவு மொழிகளும் சேர்ந்த குடும்பத்தைக் குறிக்கும் ‘கெல்டிக்’ என்ற சொல்லிலும் இதே இழுபறி உண்டு. மொழியையும் மக்களையும் குறிக்கும்போது இன்று ‘கெல்டிக்’ என்பதே பெருவழக்கு. ஆனால் கிளாஸ்கோவின் கால்பந்து அணியும் பாஸ்டனின் கூடைப்பந்து அணியும் ‘செல்டிக்’, ‘செல்டிக்ஸ்’. அங்கே போய் யாராவது இலக்கணம் பேசினால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

நாக்கு ஏன் நழுவுகிறது?

இ, எ-க்கு முன்னால் மட்டும் ‘க்’ ஏன் மாற வேண்டும்? ‘கா’ என்றும் ‘கி’ என்றும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். ‘கா’வில் நாக்கின் பின்பகுதி அண்ணத்தின் பின்னால் ஒட்டுகிறது. ‘கி’யில் அந்த ஒட்டல் கொஞ்சம் முன்னால் வருகிறது, ஏனென்றால் அடுத்து வரப்போகும் இகரத்துக்கு நாக்கு முன்கூட்டியே தயாராகிறது. தலைமுறை தலைமுறையாக அது இன்னும் இன்னும் முன்னால் வந்தால் ‘க்’ போய் ‘ச்’ ஆகிவிடும். இதற்கு லத்தீன் தெரிய வேண்டியதில்லை, தமிழே போதும்.

காதுக்குத் தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. செம்மை நிறத்துக்கு நம்மிடம் செம், சிவப்பு, கன்னடத்தில் கெம்பு. பரதநாட்டிய மேடையில் போடும் கெம்பு நகையின் சிவப்புக் கல் இந்தக் கெம்புதான். இங்கே கன்னடம் பழைய ‘க்’-ஐ வைத்துக்கொண்டிருக்கிறது, தமிழ் அதைச் ‘ச்’ ஆக்கிவிட்டது. அதாவது அயர்லாந்து இருந்த இடத்தில் கன்னடம், இத்தாலி இருந்த இடத்தில் நாம்.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் அப்படிச் செய்யவில்லை. பின்னால் ட, ண, ள, ழ போல நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி வந்தால் க் தப்பித்துக்கொண்டது. கிளி கிளியாகவே இருக்கிறது, கெடு கெடுவாகவே இருக்கிறது. தெலுங்கு இந்தச் சலுகையும் தரவில்லை. அங்கே கிளிக்குச் சிலுக, கெடுவுக்குச் செடு. கிளியும் சிலுகவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று ஏற்றுக்கொள்ள முடிகிறவர்களுக்குக் கிலியனும் சிலியனும் எப்படிப் பிரிந்தன என்பதில் புதிர் எதுவும் இருக்காது.

ஐரிஷ் எழுத்து எப்படி வேலை செய்கிறது?

ஐரிஷ் பெயர்கள் எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லாதவை என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையில் ஆங்கிலத்தைவிட ஐரிஷ் எழுத்து ஒழுங்கானது. விதிகள்தான் வேறு.

ஐரிஷில் ஒவ்வொரு மெய்க்கும் இரண்டு நிறம். பக்கத்தில் அ, ஒ, உ வகை உயிர் இருந்தால் அது ‘அகன்ற’ மெய். இ, எ இருந்தால் ‘ஒடுங்கிய’ மெய். அகன்ற சி என்பது நம் ‘கா’வில் வரும் க். ஒடுங்கிய சி என்பது ‘க்ய’ சாயலுள்ள க். கிலியனில் இருப்பது ஒடுங்கியது. ஆனால் எந்த நிறமாக இருந்தாலும் அது க் தான், ஒருபோதும் ஸ் ஆகாது. அழுத்தம் முதல் அசையில் விழும்: கி-லி-யன். நடுவில் ‘லி’யை இழுக்கக் கூடாது.

சி மாறாது என்றாலும் எஸ் மாறும். அகன்ற எஸ் நம் ஸ், ஒடுங்கிய எஸ் ‘ஷ்’. அதனால்தான் ‘ஷான்’ என்ற பெயரையும் ‘ஷினேட்’ என்ற பெயரையும் எஸ் போட்டு எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் சி இரண்டு வேலை பார்க்கிறது, ஐரிஷில் எஸ் இரண்டு வேலை பார்க்கிறது. யாரைக் கோணல் என்பது?

படிப்பவரை மிரட்டுவது ஹெச் எழுத்துதான். பழைய ஐரிஷ் எழுத்தில் ஒரு மெய் மென்மையானால் அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி உயிரை எடுக்கும், அவர்கள் புள்ளி வல்லினத்தின் முறுக்கை எடுக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாதாரண ரோமன் அச்சுக்கு மாறியபோது அந்தப் புள்ளிக்குப் பதிலாக ஹெச் சேர்த்து எழுதுவது பொதுவானது. ‘பிஹெச்’ என்று எழுதியிருந்தால் ‘வ்’ வகை ஒலி, ‘எம்ஹெச்’ என்றிருந்தாலும் பெரும்பாலும் அதே. ‘ஷிவான்’ என்ற பெண் பெயருக்குள் பி ஒளிந்திருப்பதும், ‘நீவ்’ என்ற பெயர் எம்ஹெச்சில் முடிவதும் இப்படித்தான். இதோடு ஒப்பிட்டால் கிலியன் மிகவும் சாதுவான பெயர். அதில் புள்ளி மென்மையும் இல்லை, நெடிலைக் காட்டும் சாய்கோடும் இல்லை. இடறுவது அந்த ஒற்றைச் சி மட்டுமே.

எழுத்தைக் காப்பதா, ஒலியைக் காப்பதா?

ஒரு பெயர் தன் மொழியை விட்டு வெளியே போகும்போது இரண்டில் ஒன்றை இழக்கத்தான் வேண்டும். கிலியன் இதைப் பலமுறை பார்த்துவிட்டது.

முதல் பயணம் 7ஆம் நூற்றாண்டில். அயர்லாந்தின் கேவன் மாவட்டத்தில் முல்லா என்ற ஊரில் பிறந்ததாகக் கருதப்படும் புனித கிலியன் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பகுதிக்கு மதம் பரப்பப் போனார். சுமார் 689இல் இரண்டு தோழர்களோடு அங்கே கொல்லப்பட்டார். இன்றும் அந்த நகரின் காவல் புனிதர் அவர்தான். ஜூலை 8 அவருக்குரிய நாள், அதையொட்டிப் பெரிய திருவிழா நடக்கிறது. ஜெர்மனில் இகரத்துக்கு முன்னால் சி வந்தால் ‘த்ஸி’ என்றாகிவிடும் என்பதால் அங்கே பெயரைக் கே போட்டு, ஒரே எல் வைத்து எழுதினார்கள். எழுத்தை விட்டுக்கொடுத்து ஒலியைக் காப்பாற்றிய கதை இது.

பிரெஞ்சுக் கால்பந்து வீரர் எம்பாப்பேயின் முதற்பெயரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. அங்கே கே-யோடு ஒரு ஒய் சேர்ந்திருக்கிறது. அதனால் தமிழில் சிலர் அதைக் ‘கைலியன்’ என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சில் அந்த ஒய்க்கு இகர ஒலிதான்.

இதைவிடப் பெரிய பயணம் செய்த இன்னொரு ஐரிஷ் பெயர் உண்டு. 2011 உலகக் கோப்பையில் பெங்களூரில் இங்கிலாந்தைப் பந்தாடி 50 பந்துகளில் சதம் அடித்த அயர்லாந்து வீரர் கெவின் ஓ’பிரையனை நினைவிருக்கிறதா? கெவின் நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களிலும் சாதாரணமாகக் காணும் பெயர். அதன் ஐரிஷ் வடிவம் சி-யில் தொடங்கி நடுவில் எம்ஹெச் வரும், ‘க்வீவீன்’ என்பது போல ஒலிக்கும். அதைக் கே, இ, வி, ஐ, என் என்று நேராக எழுதியபிறகு அது எந்த நாட்டிலும் தடுக்கப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைத்த பெயரே கெவின்தான். போகிற வழியில் அது ஐரிஷ் என்பதே பலருக்கு மறந்துபோனது. அதுதான் அந்தப் பயணத்துக்கான கட்டணம்.

அப்படியானால் கிலியன் அரிய பெயரா?

எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. உலகத்துக்கு இது அரிய பெயர், அயர்லாந்துக்கு இல்லை. அந்நாட்டின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஆண் பெயர்களில் கிலியன் முதல் பத்துக்குள் வந்திருக்கிறது. டப்ளின் பள்ளிக்கூட வாசலில் ‘கிலியன்!’ என்று கூப்பிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட பையன்கள் திரும்பிப் பார்க்கலாம்.

இதற்கு ஆஸ்கரைக் காரணம் சொல்வது எளிது, ஆனால் காலக்கணக்கு ஒத்துவராது. அயர்லாந்தில் ஐரிஷ் பெயர்கள் திரும்பி வந்ததற்கு அதைவிட நீண்ட கதை இருக்கிறது. ஆங்கில ஆட்சியில் பதிவேடுகளில் ஐரிஷ் பெயர்களை ஆங்கிலப் பெயர்களால் மாற்றி எழுதுவது வழக்கமாக இருந்தது. ‘டைக்’ என்ற பெயர் உள்ளவர் திமோத்தி ஆனார், ‘டியர்மிட்’ ஜெரமையா ஆனார். பொருளிலும் வேரிலும் இவற்றுக்கு உறவே இல்லை, முதல் எழுத்தோ ஒலிச்சாயலோ ஒத்துப்போனால் போதும் என்றிருந்தார்கள். 1893இல் தொடங்கிய கேலிக் கழகம் மொழியை மீட்கும் வேலையில் இறங்கியது. 1922இல் சுதந்திர நாடு அமைந்தபின் ஐரிஷ் பள்ளிப் பாடமானது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஃபின், ரீயன், டைக், கிலியன் என்று பெயர் வைப்பதில் தயக்கம் இல்லை. அங்கே எல்லோருக்கும் அந்தச் சி-யைப் படிக்கத் தெரியும்.

வெளிநாட்டுப் பட்டியல்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. கணக்கு ஒலியை வைத்து இல்லை, எழுத்தை வைத்து. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராகவே எண்ணுகிறது. சி போட்ட கிலியன், கே போட்ட கிலியன், ஒற்றை எல் கிலியன் என்று மூன்று தனித்தனி வரிகள். கூப்பிட்டால் மூவரும் திரும்புவார்கள், பட்டியலில் மூவரும் அந்நியர்கள். மகிழன் என்று தமிழில் ஒரே விதமாக எழுதும் பெயர் ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழ்களில் எத்தனை விதமாக வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்னொன்று, ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைத்த பெயரை அமெரிக்கா பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ‘பட்டியலில் இல்லை’ என்பதற்கு ‘யாருமே வைக்கவில்லை’ என்று பொருள் இல்லை.

2. புகழ் உதவும், ஆனால் படிக்க எளிதான பெயருக்கே முதலில் உதவும். கிலியன் மர்ஃபி நடித்த ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடர் 2013இலிருந்து 2022வரை வந்தது. 2018இல் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் பற்றிய இங்கிலாந்து–வேல்ஸ் அறிக்கையில், ஆர்தர் என்ற பெயர் 1920களுக்குப் பிறகு முதல்முறையாக முதல் பத்துக்குள் வந்ததையும், ஏடா முதல் நூறுக்குள் வந்ததையும் குறிப்பிட்டு, இந்தத் தொடர் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்றார்கள். இரண்டுமே தொடரில் வரும் பாத்திரங்களின் பெயர்கள், கதாநாயகனின் அண்ணனும் தங்கையும். நடிகரின் சொந்தப் பெயரை அந்த அளவுக்கு யாரும் அள்ளிக்கொள்ளவில்லை. ஆர்தரை யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். வாழ்நாள் முழுக்கப் பையன் ‘சி இல்லை, க்’ என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமே என்ற கவலை பெற்றோருக்கு இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆஸ்கருக்கு வேலை. விழா மேடையிலும் செய்திகளிலும் பெயர் சரியாக ஒலித்தபிறகு அயர்லாந்துக்கு வெளியே அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். மர்ஃபி ஏற்புரையை ஐரிஷில் நன்றி சொல்லி முடித்தார்.

தமிழில் எப்படி எழுதுவது?

‘கிலியன்’ என்பதே போதும். ஆனால் இரண்டு சிறு சிக்கல்கள் உண்டு. நம் எழுத்தில் வல்லொலி க்-கும் மெல்லொலி க்-கும் ஒரே எழுத்து. கிலியனில் வருவது ‘கிளி’யில் வரும் கி, ‘கிட்டா’ரில் வரும் கி இல்லை. மெல்லொலியில் சொன்னால் அது வேறொரு பெயராகிவிடும். அடுத்து, ஆங்கிலத்தில் இரண்டு எல் இருக்கிறதே என்று ‘கில்லியன்’ என்று எழுதக் கூடாது. தமிழில் இரட்டித்து எழுதினால் இரட்டித்துத்தான் படிப்போம், அது கில்லி விளையாட்டுப் பக்கம் போய்விடும். ஐரிஷில் அங்கே ஒலிப்பது ஒற்றை லகரம்.

ஒற்றை லகரம் போட்டால் பெயரின் முதல் பாதி ‘கிலி’ ஆகிறது. தமிழில் கிலி என்றால் பயம். 2005இல் வந்த பேட்மேன் படத்தில் நச்சுப்புகையை முகத்தில் அடித்து எதிரிகளைக் கிலி பிடித்து அலற வைக்கும் வில்லனாக நடித்தவரும் இதே மர்ஃபிதான்.